எத்தனை முழம் பாய்?

போன இதழில் நம் குடியிருப்பின் சித்தன்னவாசல் பயணப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கம்பி பிதுங்கி, தலைகீழாக மடங்கிய குடையோடு ஒருவர் நிற்கும் படம் இருந்ததே, அது நான்தான். குடை எப்படிப் போனது என்று லிஃப்டில் பார்க்கும் எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். இந்தக் கட்டுரை அந்தக் குடையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் போய்ச் சேருவது கடலுக்கு.

அன்று முதலில் அறிவர் கோயிலுக்குள் போய், விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்தோம். ஏ பிளாக்கிலிருந்து வந்த கல்லூரிப் பையன் ஒருவன் மட்டும் எல்லோரும் வெளியே போன பிறகும் நின்றுகொண்டிருந்தான். "மீன் இருக்கு, அன்னம் இருக்கு, யானை இருக்கு, எருமை இருக்கு, பூப்பறிக்கிற ஆள்கூட இருக்கு. படகு மட்டும் இல்லையே தாத்தா?" என்றான். உண்மைதான். 9ஆம் நூற்றாண்டு ஓவியர் அந்தக் குளத்துக்குள் எதை எதையோ இறக்கியிருக்கிறார், படகை மட்டும் விட்டுவிட்டார். சமணர் சொல்லும் குளத்தில் படகுக்கு வேலை இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு ஏழடிப்பட்டம். ஆடி மாதம் என்பதால் மேற்கிலிருந்து காற்று பாறையை உரசிக்கொண்டு ஏறி வந்தது. வெயிலுக்குக் குடையை விரித்த மறுநொடி அது என்னையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது, அப்புறம் மடங்கியது. அதே பையன் ஓடிவந்து குடையைப் பிடித்து, பாதி மடக்கி, காற்றுக்குப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினான். "பெரிய பாயா விரிச்சா கை தாங்காது தாத்தா. கொஞ்சமா விரிச்சு சாய்ச்சுப் பிடிக்கணும்" என்றான். இதை எங்கே கற்றாய் என்றேன். கோடை விடுமுறையில் ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் விண்ட் சர்ஃபிங் கற்றுக்கொண்டானாம். பலகை மேல் நின்று, கையால் பாயைப் பிடித்துக் கடலில் போகிற விளையாட்டு.

இறங்கி வரும்போது அவன் அப்பா என்னை ஓரமாக அழைத்தார். "நீங்க கடற்கரைக்காரர், சரித்திரமும் எழுதறீங்க. இவன் நெடுந்தூரப் போட்டிக்குப் போகணுங்கறான். ஒன்பது சதுர மீட்டர் பாய் வாங்கித் தரச் சொல்றான். ஒலிம்பிக்ல அதுதானாம். பழையதுன்னாலும் விலை எக்கச்சக்கமா இருக்கு. வாங்கலாமா சார்?" என்றார். பாறை மேல் பாதிக் குடை போதும் என்று எனக்குச் சொல்லித் தந்த அதே பையன்தான், தனக்கு மட்டும் பெரிய பாய் கேட்கிறான்! விலையைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் எவ்வளவு பெரிய பாய் என்ற கேள்வி நம் கரைக்குப் புதிதல்ல என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சித்தன்னவாசலிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் மணமேல்குடிக் கடற்கரை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே நம்மில் பலருக்கு நினைவில்லை. அங்கிருந்து தெற்கே கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று பாக் நீரிணைக் கரை போய்க்கொண்டே இருக்கும். இன்னும் தெற்கே, வைகை கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். 1986 முதல் தொல்லியல் துறை அங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. கிடைத்த பானை ஓடுகளில் கப்பல் கீறிய ஓடும் உண்டு. அதில் மூன்று பாய்மரம். ஆந்திரத்திலிருந்து நம் வட கடற்கரை வரை கிடைக்கும் சாதவாகனர் காசுகளிலும் கப்பல் இருக்கிறது. அவற்றில் இரண்டு பாய்மரம்.

ஏன் இரண்டு, மூன்று என்று யோசித்துப் பாருங்கள். ஒரே மரத்தில் ஒரே ராட்சதப் பாயைக் கட்டியிருக்கலாமே? கட்டலாம், காற்று ஏறும்போது அதை என்ன செய்வது? மூன்று பாய் இருந்தால் ஒன்றை இறக்கிவிட்டு மிச்சத்தோடு போகலாம். நெடுந்தூரம் போகிறவனுக்குக் காலையில் இருக்கும் காற்று மாலையில் இருக்காது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயில் விழும் விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கி.மீ. காற்றில் சுகமாக இருக்கும் பாய், 40 கி.மீ. காற்றில் ஆளைத் தூக்கி எறியும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமலே அந்தக் காலத்து மாலுமிகள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நம் பாக் நீரிணைக்காரர்கள் இதற்கு இன்னொரு வழியும் கண்டார்கள். அதை எழுதி வைத்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஆங்கிலேயர். இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கத்து வல்லங்களில் குறுக்காகக் கிடக்கும் நீளப் பலகை அவர் கண்ணில் பட்டது. வல்லம் ஒல்லியானது. பாக் நீரிணையோ ஆழமில்லாத கடல், அடிக்கட்டையை ஆழமாக இறக்கிப் படகைக் கட்ட முடியாது. அப்படியானால் பாய் ஒரு பக்கம் சாய்க்கும்போது படகை நிமிர்த்துவது எது? ஆள்தான். காற்று வரும் பக்கமாகப் பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் போய் ஆட்கள் உட்காருவார்கள். காற்று கூடினால் இன்னும் ஒருவர் போவார். குறைந்தால் உள்ளே நகர்ந்து வருவார். ஒரு படகுக்கு எவ்வளவு பாய் கட்டலாம் என்பதைப் பலகையின் நீளமும் அதன் மேல் இருக்கும் ஆட்களின் எடையும் சேர்ந்து முடிவு செய்தன. அந்த எடை எவ்வளவு நேரம் அங்கே தாக்குப்பிடிக்கும் என்பதும் கணக்கில் உண்டு.

1960களுக்குப் பிறகு விசைப்படகுகள் வந்தன. அப்புறம் வல்லங்களிலும் இன்ஜின் ஏறியது. தொழிலுக்குப் பாய் விரிப்பது குறைந்துவிட்டது. ஆனால் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம் திருவிழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. கடலுக்குள் பல மைல் தள்ளிக் கொடி நட்டிருப்பார்கள், அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். படகுக்கு ஆறு பேர் போல ஏறுவார்கள். மணல் மூட்டையும் ஏற்றுவார்கள். காற்று விழுந்துவிட்டால் மணலைக் கடலில் கொட்டிப் படகை லேசாக்கிக்கொள்ளலாம், கூடினால் மூட்டையைக் காற்றுப் பக்கம் நகர்த்தலாம்.

என் அம்மா ஊர் அந்தக் கரையில்தான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் தாய்மாமா ஒரு போட்டிக்குப் புதுப் பாய் தைத்தார். காடாத் துணி. முந்தின வருடப் பாயைவிட இரண்டு முழம் நீளம், இரண்டு முழம் அகலம் கூடுதல். இரண்டு முழம்தானே என்று நினைக்காதீர்கள், பாய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது. அம்மாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "பாய் பெருசுன்னா பரிசு பெருசாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தை மாதம், வாடைக்காற்று. கரை வடக்கு தெற்காக இருப்பதால் போகும்போதும் வரும்போதும் பக்கக்காற்றுதான், வேகமான போட்டி. அன்று காலை காற்று மெதுவாக இருந்தது. மாமா இரண்டு மூட்டை மணலைக் கரையிலேயே இறக்கிவிட்டார். வல்லம் லேசு, பாய் பெரிது. போகும்போது மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார். கரையில் நாங்கள் குதித்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்குக் காற்று ஏறியது. கொடியைச் சுற்றும்போது பாயை மறுபக்கம் மாற்ற வேண்டும், பலகையை உள்ளே இழுத்து எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும், ஆறு பேரும் இடம் மாற வேண்டும். அவ்வளவு நேரம் பெரிய பாயைச் சமாளித்த கைகள் ஓய்ந்துபோயிருந்தன. பாயை இறக்கலாம் என்றால், ஆஞ்சான் கயிறு இறுகிப்போய் அசையவில்லை. பலகை முழுதாக வெளியே போவதற்குள் வல்லம் கவிழ்ந்தது. கரையிலிருந்து பார்த்த எங்களுக்கு வெள்ளையாகத் தெரிந்த பாய் சட்டென்று காணாமல் போனதுதான் தெரியும். அம்மாச்சி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் வந்த படகு பக்கத்து ஊர்க்காரர்களுடையது. சுக்கான் பிடித்தவர் ஒரு பெரியவர். எல்லோரும் கேலி செய்த சின்னப் பாய் அவர்களுடையது. தாமான் கயிற்றைத் தளர்த்திப் பாயை வெறுமையாக்கி, மாமா படகுப் பக்கத்தில் நிறுத்தி, ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டார். அன்று முதல் பரிசு அவருக்கு வந்திருக்கும், நான்காவதாக வந்தார். அந்தக் காற்றில் நினைத்த இடத்தில் படகை நிறுத்த முடிந்தது அவரால் மட்டும்தான் என்று மாமா பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். புதுப் பாயை அவர் விற்கவில்லை. ஓரங்களில் இரண்டிரண்டு முழம் மடக்கித் தைத்துக்கொண்டார். அந்தத் தையலை நான் பெரியவனான பிறகும் பார்த்திருக்கிறேன்.

இனி பையனின் பலகைக்கு வருவோம். விண்ட் சர்ஃபிங் யார் கண்டுபிடித்தது என்பதற்கு நீதிமன்றம் வரை போன வரலாறு உண்டு. அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1960களில் பலகை மேல் பாய் கட்டி ஓட்டி, அதைப் பற்றி 1965இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். கலிஃபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும், அலைச்சறுக்கில் மோகம் கொண்ட ஹாயில் ஷ்வைட்சரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970இல் பெற்றார்கள். பிறகு 1985இல் இங்கிலாந்து நீதிமன்றம் அந்தக் காப்புரிமை அங்கே செல்லாது என்றது. காரணம், 1958இல் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் அதுபோன்ற ஒன்றைச் செய்து ஓட்டியிருந்தான்! பையன்களைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

யார் கண்டுபிடித்தாலும் சூட்சுமம் ஒன்றுதான். பாய்மரம் பலகையில் இறுக நட்டிருக்காது, அடியில் எந்தப் பக்கமும் சாயும் மூட்டு இருக்கும். சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். படகைப் போலத் தானாகப் பாயைத் தாங்க ஒன்றுமில்லை. தாங்குவது நின்றுகொண்டிருக்கும் ஆளின் உடல் எடை. வல்லத்துப் பலகை நுனியில் உட்கார்ந்தவர் செய்த வேலையை இங்கே ஒரே ஆள், இரண்டு கையால் செய்ய வேண்டும். 1970களில் ஹவாயில் உடலில் கட்டிக் கொக்கியால் பாயோடு மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் வந்தது. அதன் பிறகுதான் கைக்கு ஓய்வு கிடைத்து, மணிக்கணக்கில் ஓட்ட முடிந்தது. நெடுந்தூரத்துக்கு எந்தக் கருவி முக்கியம் என்று என்னைக் கேட்டால், பாய்க்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

1984 லாஸ் ஏஞ்சலிஸில் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அங்கே ஒரு விசேஷம், எல்லோருக்கும் ஒரே வகைப் பலகை, ஒரே அளவுப் பாய். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் இபாத் அலி வெண்கலம் வாங்கிய ஆர்எஸ் எக்ஸ் வகுப்பில் ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஐக்யூஃபாயில் வகுப்பில் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 8. பையன் மனதில் பதிந்த ஒன்பது இங்கிருந்து வந்ததுதான். அந்தப் பலகைக்கு அடியில் இறக்கை போன்ற ஃபாயில் இருக்கிறது, வேகமெடுத்ததும் பலகையே தண்ணீருக்கு மேலே எழும்பிவிடும். ஓட்டுபவர்கள் நல்ல கனமான ஆட்கள், வருடக் கணக்காக அதையே தொழிலாகச் செய்பவர்கள். அந்த அளவு அவர்களுக்காக விதி வகுத்தவர்கள் தேர்ந்தெடுத்தது. 62 கிலோ எடையுள்ள நம் பையன் அதில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்வு ஓட்டுபவர் கையில் இருப்பது திறந்த நெடுந்தூரப் போட்டிகளில்தான். பிரான்சில் க்ருய்ஸான் கடற்கரையில் 2001 முதல் டெஃபி விண்ட் நடக்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புறப்படுவார்கள், ஒரு சுற்று 40 கி.மீ. தொழில்முறை வீரரும் நம் பையனைப் போன்றவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். அங்கே வீசும் த்ராமொந்தான் என்ற வடமேற்குக் காற்று மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும் நாட்கள் உண்டு. பையனின் கனவுப் போட்டி இதுதான். ஒன்பது மீட்டர் பாயோடு அந்தக் காற்றில் நின்றால் என் குடைக்கு நேர்ந்ததுதான் அவனுக்கும் நேரும்.

இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. கிறிஸ்டியன் மார்ட்டி என்ற பிரெஞ்சு விமானி 1981 டிசம்பரில் செனகல் நாட்டு டாக்காரிலிருந்து கிளம்பி 37 நாளில் அட்லாண்டிக்கைப் பலகையில் கடந்து தென்னமெரிக்கா சேர்ந்தார். துணைக்குப் படகு வந்தது, ஆனாலும் கடந்தது பலகையில்தான். (2000இல் பாரிஸில் விழுந்து நொறுங்கிய கான்கார்ட் விமானத்தின் கேப்டன் அவரே. படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.) 1979இல் பேரிங் நீரிணையைக் கடந்த அர்னோ த ரொஸ்னே, 1984 நவம்பரில் சீனாவிலிருந்து தைவானுக்குத் தனியாகப் புறப்பட்டார். திரும்பவில்லை. பலகையும் ஆளும் கிடைக்கவில்லை. இவ்வளவு தேர்ந்தவருக்கே அப்படி.

ஆகவே அந்த அப்பாவுக்கு நான் சொன்னது இது. ஒன்பது மீட்டர் வேண்டாம். அந்தப் பணத்தில் பழைய பாய் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஆறரை ஒட்டி, இன்னொன்று ஐந்து ஒட்டி. அவன் எடைக்கு மணிக்கு 25 முதல் 30 கி.மீ. காற்றில் பெரியது போதும், 40க்கு மேல் போனால் சின்னது. எந்தப் பாய் என்று ஊசலாடினால் சின்னதை எடுக்கட்டும். முதல் ஐந்து கிலோமீட்டரில் பின்தங்குவான், பரவாயில்லை. பாய்மரம் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத மரத்தில் பாய் வடிவம் கெட்டுவிடும், பிறகு பெரியதென்ன சிறியதென்ன.

பலகை 110 லிட்டர் சுற்றி இருக்கட்டும். லிட்டர் என்பது மிதக்கும் அளவு. 62 கிலோக்காரர் காற்று செத்துப்போனாலும் அதன் மேல் நின்று பாயைத் தூக்கிக் கரை சேரலாம். இன்னும் குறுகலான பலகை வேகமாகப் போகும்தான், நின்றுபோனால் முழங்கால் வரை மூழ்கும். அடியில் மாட்டும் துடுப்பில் நம் கடலுக்கென்று ஒரு கவனம் வேண்டும். பாக் நீரிணையில் கடற்புல் மண்டிக்கிடக்கிறது. நேராக இறங்கும் துடுப்பில் புல் சுற்றிக்கொண்டு பிரேக் போட்டதுபோல் நிற்கும். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த துடுப்பாக ஒன்று தனியாக வேண்டும். நண்டு வலையும் விரித்திருப்பார்கள். அது மீனவர் பிழைப்பு, சுற்றிப் போக வேண்டியது இவன்தான்.

காற்றின் திசையும் தெரிந்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பிரப்பன்வலசைக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, பழக அருமையாக இருக்கும். ஆனால் ஏதாவது உடைந்தால் காற்று ஆளை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். அந்த நாட்களில் துணைப் படகு இல்லாமல் இறங்கக் கூடாது. மிதவை அங்கி, விசில், முதுகில் தண்ணீர்ப் பை, உதிரிக் கயிறு இரண்டு முழம். இதில் எதுவும் விலை அதிகமில்லை. பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அது முழு வீச்சில் நடந்தால், வாங்கும் முன் பல அளவுகளை மாட்டி ஓட்டிப் பார்க்க வசதியாக இருக்கும்.

பையனுக்கு முதலில் முகம் தொங்கிப்போனது. மாமா படகுக் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தச் சின்னப் பாய் எத்தனை முழம் தாத்தா?" என்று கேட்டான். நான் அளந்ததில்லை. அந்தப் பெரியவர் வீட்டில் இப்போது அவர் பேரன் வல்லம் ஓட்டுகிறார், போட்டிக்கும் போகிறார். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தொண்டிப் பக்கம் அடுத்த போட்டி எந்தத் தேதி என்று தெரிந்ததும் அறிவிப்புப் பலகையில் எழுதுகிறேன். காலை நான்கு மணிக்கு வேன் கிளம்பும். வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். தொப்பி கொண்டுவாருங்கள், குடை வேண்டாம்.